டிக்கெட் போட வேண்டாம்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழுத அழுகை இன்னும் காதிலேயே இருக்கிறது. மூன்று வாரம் உன்னிடம் மறைத்தது என் தப்பு. மறைக்காமல் எல்லாவற்றையும் இதில் எழுதுகிறேன்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில்தான் வலது நுரையீரல் ஓரத்தில் அந்த நிழல் தெரிந்தது. 18 மில்லிமீட்டர். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'புற்றுநோயா என்று பார்க்கவும்' என்றிருந்தது. 20 வருஷம் சிகரெட் பிடித்தவனுக்கு அந்த ஒரு சொல் போதாதா? முதலில் பார்த்த டாக்டர், உடனே நெஞ்சைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார்.

இரண்டாவது டாக்டர்தான் சிடி ஸ்கேனைத் திரையில் போட்டு நிதானமாகக் காட்டினார். புற்றுநோய்க் கட்டியின் ஓரம் பெரும்பாலும் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமாம். என்னுடையது வழவழவென்று இருந்தது. உள்ளே கொழுப்பு, நடுவில் பொரிந்த சோளம் மாதிரி சுண்ணாம்புப் படிவு. இதற்கு ஹமார்டோமா என்று பெயர். நுரையீரலில் வரும் சாதுவான கட்டிகளில் இதுதான் அதிகமாம். குருத்தெலும்பும் கொழுப்பும் ஒழுங்கில்லாமல் ஒன்றாகத் திரண்டு வளர்ந்தது, அவ்வளவுதான். கொழுப்பும் சுண்ணாம்பும் இப்படித் தெளிவாகத் தெரிந்தால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கவும் அவசியமில்லை என்றார்.

புற்றுநோயை ஒளிர வைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாயே, நானும் அதைக் கேட்டேன். காசநோய்க் கட்டியும் அதில் பளிச்சென்று ஒளிருமாம். மெதுவாக வளரும் சில புற்றுநோய்கள் ஒளிராமலும் போகுமாம். அதைவிட உதவியது பழைய படம்தான். உன் அம்மா பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருந்த 9 வருஷத்துக்கு முந்தைய எக்ஸ்ரேயில், அதே இடத்தில் அதே நிழல், கொஞ்சம் சிறியதாக. அப்போது யாரும் கவனிக்கவில்லை. புற்றுநோயாக இருந்தால் பெரும்பாலும் இத்தனை வருஷம் இப்படி அடங்கி இருந்திருக்காது என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முதல் டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. கொழுப்பும் சுண்ணாம்பும் தெரியாத நிழலாக இருந்திருந்தால் அவர் சொன்னபடி செய்ய வேண்டி வந்திருக்கலாம். வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவருக்கும் இதே அளவுதான். அவருக்கு அது புற்றுநோய். அவர் முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன். அது வளர்ந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ எடுத்துவிடலாம் என்று முடிவு. ரிப்போர்ட் வந்த அன்றே படம் பிடித்து அனுப்புகிறேன், சத்தியம். நீ டிக்கெட் போட்டு வந்து விடுப்பை வீணாக்காதே. உன் பரீட்சை முடியட்டும்.

அன்புடன்,
அப்பா