எத்தனை கப் காபி என்றும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தூக்கமின்மை பற்றித் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ளதுதான். ஆனால் தூக்க மாத்திரை போடுகிறவர்கள் பகலில் குடிக்கும் காபியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் என்ற மாத்திரை, பகலில் ஆறு கப் காபி என்று ஓட்டினேன். காலையில் தலை மந்தமாக இருக்கும். காபி உள்ளே போனதும் தெளிந்துவிட்ட மாதிரி தோன்றும். சாயங்காலம் படபடப்பு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். அதை அடக்க மறுபடி மாத்திரை. ஒருநாள் 86,000 என்பதை 68,000 என்று பதிந்துவிட்டு, மூன்று முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை. தூக்கக் கலக்கம் துளியும் இல்லை. அதைவிட வலித்தது வேறு. முந்தின இரவு மகள் வெகுநேரம் மனம்விட்டுப் பேசியது காலையில் சுத்தமாக நினைவில் இல்லை. “நேற்றுதானே அம்மா சொன்னேன்” என்று முகம் வாடி நின்றாள்.

அப்புறம்தான் வேறொரு மருத்துவரிடம் போனேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது, சோர்வை உணர்த்துவது அதுதான், அது உட்கார வேண்டிய இடத்தில் காபியில் உள்ள காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது என்றார். ஆக, சோர்வு மறைகிறதே தவிர, தீர்வதில்லை. மாத்திரையின் வழி வேறு. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. காபியால் கண் விழிக்கும். மாத்திரையால் மங்கிய நினைவும் கவனமும் முழுதாகத் திரும்பிவிடாது. அல்பிரசோலம் உடம்பில் பாதியாகக் குறைய சராசரியாக 11 மணி நேரம் ஆகும், காஃபினுக்குச் சுமார் 5 மணி நேரம். இரவு 11 மணிக்குப் போட்ட மாத்திரையில் பாதி காலை 10 மணிக்கும் இருக்கிறது. மாலை 6 மணிக் காபியில் பாதி மாத்திரை போடும்போதும் இருக்கிறது. தூக்கத்தைக் கெடுத்ததே அந்தக் காபிதான் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

மதுவோடு காபி குடிப்பவர்களுக்கும் இதே கதைதான். போதை தெளிந்ததாகத் தோன்றும், இரத்தத்தில் உள்ள மது குறையாது. அந்தத் தைரியத்தில் வண்டியை எடுப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

முதலில் மாத்திரை எழுதிக்கொடுத்தவர் என்னிடம் ஒருமுறைகூடக் காபியைப் பற்றிக் கேட்கவில்லை. மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தாங்கள் எழுத வேண்டும். இப்போது மதியத்துக்குப் பிறகு நான் காபி குடிப்பதில்லை. மாத்திரையை மருத்துவர் நான்கு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம், வலிப்பு வரக்கூடும். இந்த ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம்)