லேபிளே இல்லாத க்ரீமை பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மகளிர் பக்கத்துல ஷாம்பு வாங்கறப்ப பாரபென், சல்ஃபேட் மாதிரி கெமிக்கல் இருக்கான்னு பாருங்கன்னு அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க, நல்ல விஷயம்தான், பாரபென்ல அஞ்சு வகையை ஐரோப்பால 2014லயே தடை பண்ணிட்டாங்க, நான் இல்லேங்கல. ஆனா அதெல்லாம் லேபிள் இருக்கற பாட்டிலுக்குத்தான? தாராவில சின்னதா பார்லர் வச்சிருக்கேன், இங்க பொண்ணுங்க தூக்கிட்டு வர்ற செவப்பழகு க்ரீம் டப்பால படிக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது.

ஒரு டப்பா பாத்தேன், மேல என்ன பாஷைன்னே தெரியாத எழுத்து, ஒரு வெளிநாட்டுக்காரி படம், கம்பெனி அட்ரஸ் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, லைசென்ஸ் நம்பர் இல்ல. உள்ள இருந்த சீட்டுல மட்டும் தங்கம் வெள்ளி நகை மேல படாம பாத்துக்கவும்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. மூஞ்சில பூசற க்ரீமுக்கு நகை மேல என்னங்க பகை? பாதரசம்தான். தங்கத்துல பட்டா வெளுத்துப்போயிடும். நகைக்கு இருக்கற அக்கறை மூஞ்சிக்கு இல்ல பாருங்க!

பாதரசம் தோலுக்கு நிறம் குடுக்கற மெலனின் உண்டாகறத தடுக்கும், அதனால சீக்கிரமே பளிச்சுனு தெரியும், நிறுத்துனா மறுபடி கருத்துடும், அந்த பயத்துலயே விடமாட்டாங்க. தோல் வழியா உள்ள போய் கிட்னிய கெடுக்கும், அதே துண்டுல தொடைக்கற வீட்டு ஆளுங்களுக்கும் ஒட்டும். கேரளால கோட்டக்கல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில 2021 ஜூலைலேர்ந்து 2023 செப்டம்பர் வரைக்கும் மெம்பிரேனஸ் நெஃப்ரோபதின்னு ஒரு கிட்னி நோயோட வந்த 22 பேர்ல 15 பேருக்கு நெல்-1 (NELL-1)ங்கற அபூர்வ வகை, அந்த 15ல 13 பேர் செவப்பழகு க்ரீம் போட்டவங்க. கேரளால ஆபரேஷன் சௌந்தர்யான்னு பேர் வச்சு கடை கடையா ரெய்டு போனாங்க. இங்க மும்பைல மருந்து, காஸ்மெட்டிக்ஸ சோதிக்கற எஃப்டிஏ ஆபீஸ் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல இருக்கு, தாராவிக்கு கூப்பிடு தூரம், எங்க தெருவுக்கு ஒருத்தர் வந்து நான் பாக்கல. 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி கண்ணுக்கு போடற மை மாதிரி ஐட்டம் தவிர மத்ததுல பாதரசம் பத்து லட்சத்துல ஒரு பங்க தாண்டக்கூடாது, அதுவும் தெரியாம கலந்திருந்தாத்தான்.

பொண்ணுங்கள திட்டியும் பிரயோஜனம் இல்ல, பொண்ணு பாக்க வர்றாங்கன்னா ரெண்டு மடங்கு பூசுதுங்க. உங்க பேப்பர்லயே மணமகள் தேவை பகுதில சிவந்த நிறம்னு கேக்கறாங்களே, அதையும் கொஞ்சம் கவனிங்க சார்.

அடுத்த ஞாயிறு தமிழ்ல ஒரு கட்டம் கட்டி போடுங்க: தயாரிச்சவங்க பேர் அட்ரஸ், லைசென்ஸ் நம்பர், வெளிநாட்டு சரக்குன்னா இறக்குமதி பண்ணவங்க பேர், ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், இது எதுவும் இல்லாத டப்பாவ தொடாதீங்கன்னு. ஏற்கனவே போட்டுட்டு இருக்கறவங்களுக்கு கால் வீங்கினாலோ யூரின் நுரை நுரையா போனாலோ டாக்டர்ட்ட க்ரீம் பேரையும் சேத்து சொல்லணும், முடிஞ்சா டப்பாவயே எடுத்துட்டு போகணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை