தூக்கும் கை பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் மாணவர்கள் வரைந்து அனுப்பிய படங்களும் கிடைத்தன. பணி ஓய்வுக்குப் பிறகு நீயும் ஒரு பள்ளி ரோபோ அணிக்கு வழிகாட்டியாக இருக்கிறாய் என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இங்கே எங்கள் அணியில் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே அதிகம். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் கேள்வி கேட்பதில் பெரியவர்களை மிஞ்சிவிடுகிறார்கள். வீட்டில் அனைவரும் நலம்.

உங்கள் ரோபோவின் கை போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களில் நன்றாகத் தூக்கியதாகவும், மூன்றாவது ஆட்டத்தில் பாதி உயரத்திலேயே நின்றுவிட்டதாகவும், இன்னும் வலுவான மோட்டாருக்கு வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறாய். மோட்டாரை மாற்றுவதற்கு முன் அந்தக் கை கேட்கும் முறுக்குவிசையை, அதாவது அதைச் சுழற்றத் தேவையான திருகு பலத்தை, காகிதத்தில் எழுதிப் பார்ப்போம். தூக்கும் பொருளின் ஒன்றரை கிலோ எடை, சுழலும் அச்சிலிருந்து 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது, கை கிடைமட்டமாக வரும்போது அது மட்டும் ஏறத்தாழ 5.9 நியூட்டன் மீட்டர். கையின் சொந்த எடை 800 கிராம் என்றும், அது நடுவில் இருப்பதாகவும் கொண்டால் மேலும் 1.6 சேர்ந்து மொத்தம் 7.5 ஆகிறது. உங்கள் ரோபோ தொகுப்பான வெக்ஸ் வி5-இன் மோட்டாரில், நிமிடத்துக்கு 100 சுற்று தரும் சிவப்புக் கார்ட்ரிட்ஜை (உள்ளே மாட்டும் கியர்ப் பெட்டி) போட்டால் அதிகபட்சம் 2.1 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். உங்கள் படத்தில் உள்ளபடி 12 பல் கியர் 60 பல் கியரை ஓட்டினால் அது ஐந்து மடங்காகி 10.5 ஆகும். அதாவது அந்த ஒற்றை மோட்டார், தன்னால் தள்ள முடிந்ததில் 70 விழுக்காட்டுக்கும் மேல் கொடுத்தபடியே எடையை ஏந்தி நிற்கிறது. அப்படி நிற்கும் மோட்டார் சூடாகத்தான் செய்யும். 55 பாகை செல்சியஸைத் தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் இரண்டே நிமிடம்தான் என்றாலும், அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு இடையே அது ஆறுவதற்கு நேரம் போதுவதில்லை. மூன்றாவது ஆட்டத்தில் நின்றதன் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே இரு பக்கமும் ஒவ்வொரு மோட்டார் வையுங்கள். அப்போது 21 நியூட்டன் மீட்டர் கிடைக்கும், சுமை ஏறத்தாழ 36 விழுக்காடாக இறங்கிவிடும். வேகம் குறையுமே என்ற கவலை வேண்டாம். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுமையில்லாத கை நொடிக்கு 120 பாகை சுழலும், அது தாராளம்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, தாங்குதூணிலிருந்து கையை மேலே இழுக்கும் ரப்பர் பேண்டு. மாணவர்கள் இதைக் கடைசி நேர ஒட்டுவேலையாக நினைக்கிறார்கள். எனக்கோ இதுவே வடிவமைப்பின் இதயமாகத் தோன்றுகிறது. கையின் சொந்த எடை முழுவதையும், தூக்கும் பொருளின் எடையில் பாதியையும் ரப்பர் பேண்டு தாங்கும்படி இழுவையை அமைத்தால், மோட்டார்களுக்கு மிஞ்சுவது 3 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. பொருள் இருக்கும்போது அந்த அளவுக்கு மேலே தள்ள வேண்டும், இல்லாதபோது அதே அளவுக்குக் கீழே இழுக்க வேண்டும், அவ்வளவே. 21 நியூட்டன் மீட்டர் தரக்கூடிய ஒரு ஜோடி மோட்டாருக்கு இது ஏழில் ஒரு பங்கு. நாள் முழுவதும் ஆடினாலும் கையால் தொட்டுப் பார்க்கும் சூட்டில்தான் இருக்கும். ரப்பர் நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால் போட்டி நாள் காலையில் புதியதை மாட்டும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடு.

அடுத்து, ஒற்றைக் கையை விட்டுவிட்டு மேலும் கீழுமாக இரு இணையான சட்டங்கள் கொண்ட நான்கு இணைப்பு இணைகரக் கைக்கு மாறலாமா என்று உன் மாணவி ஒருத்தி ஓரத்தில் எழுதியிருந்தாளே, அவளுக்கு என் பாராட்டைச் சொல். அந்த அமைப்பில் பிடிப்பான் எந்த உயரத்திலும் சாயாமல் நிமிர்ந்தே இருக்கும் என்பதை எல்லோரும் அறிவார்கள். பலர் கவனிக்காத நன்மை ஒன்று உண்டு: பிடிப்பான் முன்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தாலும், தூக்கத் தேவைப்படும் முறுக்குவிசை இணைப்புச் சட்டத்தின் நீளத்தை மட்டுமே பொறுத்தது, ஏனெனில் சட்டத்தின் நுனி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவே பொருளும் ஏறுகிறது. ஆனால் அந்த நீட்சி சும்மா போய்விடாது. மேல் சட்டத்தில் இழுவிசையாகவும் கீழ்ச் சட்டத்தில் அமுக்கவிசையாகவும் அது வந்து இறங்கும். பொருள் 15 செ.மீ. முன்னால் இருந்து, இரு சட்டங்களுக்கும் இடையே 5 செ.மீ. மட்டுமே இருந்தால், மேல் சட்டம் பொருளின் எடையைப் போல் மூன்று மடங்கு இழுவையைத் தாங்க வேண்டும். அந்த விசை முழுவதும் மூட்டில் உள்ள சிறிய போல்ட்டில் போய் நிற்கும்.

சட்டங்களின் இடைவெளி இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. கை உயர உயர அவை ஒன்றையொன்று நெருங்கும். ஒரே தளத்தில் வைத்த 2.5 செ.மீ. அகல அலுமினியச் சி-சேனல்களுக்கு (C வடிவ வெட்டுமுகம் கொண்ட சட்டங்கள்) இடைவெளி 5 செ.மீ. என்றால், கிடைமட்டத்திலிருந்து 60 பாகை ஏறியதும் முட்டிக்கொள்ளும், 7.5 செ.மீ. என்றால் 70 பாகை வரை போகலாம். ஆகவே அகலமாக வைப்பதால் மூட்டின் சுமையும் குறைகிறது, உயரமும் கூடுகிறது. எனக்கு இதில் தயக்கமே இல்லை, 7.5 செ.மீ. வையுங்கள்.

கையின் நம்பகத்தன்மை பெரும்பாலும் மூட்டில்தான் கெடுகிறது. படத்தில் 60 பல் கியரை ஷாஃப்டில் (சுழல்தண்டில்) மாட்டி, ஷாஃப்டின் வழியாகக் கையைச் சுழற்றியிருக்கிறீர்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே தடிமனான அந்தச் சதுர ஷாஃப்ட் ஐந்து மடங்கான முறுக்கத்தைத் தாங்காமல் நாளடைவில் திருகிப்போகும். கியரை நேராகக் கையின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். ஷாஃப்ட் வெறும் அச்சாக இருக்கட்டும். 12 பல் கியருக்கு இரு பக்கமும் பேரிங் கொடுங்கள், இல்லாவிட்டால் சுமை வரும்போது அது விலகிப் பல் தாவும். வலது கையையும் இடது கையையும் நடுவில் குறுக்குச் சட்டத்தால் பிணையுங்கள். மூட்டின் நைலான் நட்டை முழுதும் இறுக்கிவிட்டு, சட்டம் தடையின்றி ஆடும் வரை சற்றே தளர்த்த வேண்டும். ரப்பர் பேண்டைக் கழற்றி, மோட்டாரையும் விடுவித்து, கையை உயர்த்தி விட்டால் அது தன் எடையில் தானே இறங்க வேண்டும். எங்காவது தயங்கினால் அந்த மூட்டில் உராய்வு இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் செய்கிறார்கள்.

நிரலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மோட்டாருக்குள் இருந்து சுழற்சியை எண்ணும் கணக்கி, இந்த விகிதத்தில் கையின் ஒரு பாகைக்கு 25 எண்ணிக்கை தரும். ஆனால் கியர்ப் பற்களுக்கு இடையிலான தளர்வு அதற்குத் தெரியாது. எனவே கோணம் அளக்கும் சென்சாரைக் கையின் அச்சிலேயே பொருத்துங்கள். கீழ் எல்லையில் ரப்பர் ஒட்டிய உறுதியான தடுப்பு ஒன்று இருக்கட்டும். ஓட்டும் மாணவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு: எடையை உயர்த்திய நிலையில் வேகமாக ஓட்டித் திடீரென நிறுத்தக் கூடாது, ரோபோ முன்புறம் கவிழ்ந்துவிடும்.

தாங்குதூணில் துளைகள் எந்தெந்த உயரத்தில் இருக்கின்றன என்பதையும், பொருளின் சரியான எடையையும் அளந்து எழுது. ரப்பர் பேண்டை எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு மாட்டுவது என்று கணக்கிட்டு, அந்த மாணவிக்கே நேராக எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்