ஆங்கரேஜிலிருந்து மாமாவுக்கு

ஆங்கரேஜ், அலாஸ்கா,
ஜூன் 24.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். தாங்களும் அத்தையும் நலந்தானே? தாமிரபரணியில் எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் தாங்கள் என்பதால், சென்ற வாரம் சால்மன் மீன் பிடிக்கப் போய்வந்த கதையைத் தங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

இங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் போனால், ரஷ்யன் ஆறு என்னும் சிற்றாறு கீனாய் ஆற்றோடு கலக்கும் இடம் வருகிறது. பனிப்பாறைகள் அரைத்துவிட்ட நுண்பொடி கலந்திருப்பதால், கீனாயின் நீர் மயில்கழுத்து நிறத்தில் ஓடுகிறது. அக்கரைக்குப் போகும் படகுக்கு மோட்டார் கிடையாது. இரும்பு வடத்தில் பிணைத்துவிட்டிருக்கிறார்கள், நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகிறது.

கடலிலிருந்து ஏறிவரும் சாக்கை என்னும் சால்மன் வகை, ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை எடுப்பதில்லை. ஆகவே மண்புழுவுக்கு வேலையே இல்லை. தூண்டில் முள்ளிலிருந்து 18 அங்குலமாவது, அதாவது நம் முழக் கணக்கில் ஒரு முழம், தள்ளி ஈயக்குண்டைக் கட்டி, முழங்காலளவு குளிர்நீரில் நின்றபடி, மீனின் திறந்த வாய்க்குக் குறுக்கே தூண்டில் நரம்பை மிதக்கவிட வேண்டும். முள் வாயிலன்றி வேறெங்கு மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். துடுப்பில் மாட்டிய ஒரு பெரிய மீனை, பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், யாரும் சொல்லாமலே, நீருக்கு மேல் தூக்காமல் முள்ளைக் கழற்றி அனுப்பிவைத்தார்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று மீன்தான். மேலே ஆற்றின் குறுக்கே தடுப்பு வைத்து, முட்டையிடப் போகும் மீன்களை அரசு ஊழியர்கள் எண்ணுகிறார்கள். போதாதென்றால் மீன்பிடிப்பையே நிறுத்திவிடுவார்கள், தேவைக்கு மேல் ஏறினால் வரம்பை உயர்த்துவார்கள். நம் ஆற்றில் தோட்டா போட்டு மீன் அள்ளுபவர்களை நினைத்துக்கொண்டேன்.

இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருந்ததால் கூடாரத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. கொசுவும் நம்மூர்க் கொசுவுக்குச் சளைத்ததல்ல. பெரிய தொல்லை கரடிதான். சாப்பாட்டுப் பை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரவில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மீனை அறுத்தபின் முள்ளையும் குடலையும் துண்டுதுண்டாக்கி வேகமான நீரில் எறியச் சொல்கிறார்கள். அதையும் மீறி, எதிர்க்கரையில் ஒரு பழுப்புக் கரடி வந்து நின்றது. பேச்சுமூச்சில்லாமல் எல்லோரும் மெல்லப் பின்வாங்கினோம்.

சாக்கையின் சதை நன்கு சிவந்து நெய்ப்பிடிப்பாக இருக்கிறது. குழம்பு வைத்தால் புளி சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். அத்தையின் குழம்புப் பொடி தீர்ந்துவிட்டது. இங்கே வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும்.

தங்கள் அன்புள்ள,
மருமகன்