கை நீளும் முன்

அன்புள்ள கண்ணா,

எதைச் செய்தாலும் யோசித்துச் செய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படி யாராலும் வாழ முடியாது. எந்தச் சட்டையைப் போடுவது, எந்தப் பக்கம் நடக்கப் போவது என்பதற்கெல்லாம் மூளையைக் கசக்கினால், நிஜமாகவே யோசிக்க வேண்டிய இடம் வரும்போது சலிப்புதான் மிஞ்சும். ஒரே ஒரு கேள்வியைப் பழக்கிக்கொள்: இதைச் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியுமா? முடியும் என்றால் மனசுக்குப் பட்டதைச் செய்துவிட்டுப் போ. முடியாது என்றாலோ, திரும்பப் பெற நிறையச் செலவாகும் என்றாலோ, அங்கே நில். வாயிலிருந்து வந்த சொல், போட்ட கையெழுத்து, தவணை ஒப்பந்தம், வேலையை விடுகிறேன் என்ற கடிதம் எல்லாம் இந்த இரண்டாவது வகை.

முதலில் கோபத்தில் அனுப்பும் செய்தியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் கெடுவது அங்கேதான். பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால் எழுது, ஆனால் அரட்டைப் பெட்டிக்குள் எழுதாதே. அங்கே விரலுக்கும் அனுப்பும் பொத்தானுக்கும் இடைவெளியே இல்லை. குறிப்புச் செயலியில் எழுது. மின்னஞ்சல் என்றால் பெறுநர் முகவரியைக் காலியாக விடு. பதில் அனுப்பும் பெட்டியில் முகவரி தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும், அதை முதலில் அழித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். எழுதி முடித்ததும் மூடிவிடு, திரும்பத் திரும்பப் படிக்காதே. கோபத்தைக் கொட்டினால் தணியும் என்று பலர் நம்புகிறார்கள். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்தபடியே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடித்தான் போனது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். அதனால் கவனம் முழுக்கத் தேவைப்படும் வேறு ஏதாவது வேலையை எடுத்துக்கொள்.

மறுநாள் காலையில் எழுதியதைத் திற. மூன்று வகை வாக்கியங்களை அடித்துவிடு. 'நீங்கள் எப்போதுமே இப்படித்தான்' என்று தொடங்குபவை, எதிராளியின் உள்நோக்கத்தை நீயாக ஊகித்துச் சொல்பவை, பழைய கணக்கைக் கிளறுபவை. பெரும்பாலும் இரண்டு வரிதான் மிஞ்சும்: என்ன நடந்தது, இனி என்ன வேண்டும். அந்த இரண்டு வரியை அனுப்பினால் போதும்.

அடுத்தது வாங்குவது. ஆசைப்படுவது தப்பில்லை கண்ணா. ஆனால் செயலியில் விற்கிறவர்கள் உன் யோசனைக்கு இடமே வைக்காமல்தான் அதன் திரையை அமைக்கிறார்கள். அட்டை எண் சேமித்து வைக்கப்பட்டிருக்கும், ஒரே தட்டலில் பணம் போய்விடும், நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஓடும், அடித்துக் காட்டிய பழைய விலை பக்கத்திலேயே நிற்கும். அடித்த விலையைப் பார்த்த கண்ணுக்குப் புதிய விலை மலிவாகத்தான் தெரியும். அந்தப் பழைய விலையைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்தப் பொருளுக்கு இவ்வளவு கொடுப்பேனா என்று கேட்டுப் பார்.

வேண்டும் என்று தோன்றியதைக் காகிதத்தில் எழுது: பொருள், தேதி, இது எந்தத் தொல்லையைத் தீர்க்கும், இப்போது அந்தத் தொல்லையை எப்படிச் சமாளிக்கிறாய். செயலியின் கூடையில் போட்டு வைக்காதே, அது நினைவூட்டல் அனுப்பி அனுப்பியே ஆசையை ஆறவிடாது. உன் ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்குவது என்றால் ஓர் இரவு பொறு. அதற்கு மேல் என்றால் அடுத்த சம்பள நாள் வரை பொறு. விலையை உன் ஒரு மணி நேரச் சம்பளத்தால் வகுத்துப் பார், அதற்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று தெரியும். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வரும் தொகையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தவணை என்றால் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், அதை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, கட்டணத்தையும் கூட்டி, மொத்தத்தைப் பெரிதாக எழுதி வை. மாதத் தொகை சின்னதாகத் தெரிவதற்காகவே தவணைக் காலத்தை நீட்டுகிறார்கள்.

இலவச மாதம் என்று எதிலாவது சேர்ந்தால், சேர்ந்த கையோடு ரத்து செய்வது எப்படி என்று பார்த்துவிடு. முடிகிற தேதிக்கு இரண்டு நாள் முன்பே அலாரம் வை.

யாராவது 'இப்போதே சொல்லணும்' என்று நெருக்கினால், அந்த அவசரம் உன்னுடையதா அவருடையதா என்று பார். இங்கே 'இனி யோசித்துச் செய்வேன்' என்ற தீர்மானம் உதவாது, எப்போது என்பது அதில் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதியது இதைத்தான்: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே கட்டி வைத்த திட்டம், வெறும் தீர்மானத்தைவிட நன்றாக நிறைவேறுகிறது. உனக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். யாராவது உடனே பதில் கேட்டால், 'நாளைக் காலை பத்து மணிக்குச் சொல்கிறேன்' என்பாய். இதை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகு. சொன்னபடி பத்து மணிக்குப் பதிலும் சொல்லிவிடு.

வேலை மாறுவது, வீடு மாறுவது மாதிரிப் பெரிய விஷயத்துக்கு ஓர் இரவு போதாது. ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரு வேலையை ஏற்பதா வேண்டாமா என்று தவித்தபோது, 1772 செப்டம்பரில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் அவருக்கு ஒரு வழி எழுதி அனுப்பினார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லவில்லை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்றுதான் சொன்னார். காகிதத்தின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ஆதரவு, மறுபக்கம் எதிர்ப்பு. மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்றக் குறித்துக்கொள். பிறகு சம எடை உள்ள காரணங்களை இரு பக்கத்திலும் அடித்துவிடு. சில நேரம் ஒரு பக்கத்து இரண்டு காரணம் மறுபக்கத்து மூன்றுக்குச் சமமாக இருக்கும். மிஞ்சுவது எந்தப் பக்கம் என்று பார்த்து, இன்னும் ஒன்றிரண்டு நாளில் புதிதாக எதுவும் தோன்றாவிட்டால் முடிவெடு.

பலரும் இதை ஒரே மூச்சில், ஒரே மனநிலையில் நிரப்பிவிடுவதுதான் கோளாறு. கோபமாக இருக்கும் நாளில் எதிர்ப்புக் காரணங்கள் மட்டும்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி போடு, எந்த நாள் எப்படிப் பேசியது என்று உனக்கே தெரியும். தூக்கம் இல்லாத நாளில் அந்தக் காகிதத்தைத் தொடவே தொடாதே. பதினேழு மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனமும் செயல் வேகமும், லேசாகக் குடித்தவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று சோதனைகளில் அளந்திருக்கிறார்கள்.

நீ யோசித்து யோசித்தே தவறவிடுகிற ஆளும்கூட என்பது எனக்குத் தெரியும். அதற்கு, மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர் சொன்ன வழி உனக்குப் பொருந்தும். ஆகச் சிறந்ததைத் தேடாதே. கட்டாயம் இருக்க வேண்டிய மூன்று அம்சங்களை, தேடத் தொடங்கும் முன்பே எழுதி வை, மூன்றும் பொருந்தும் முதல் ஒன்றை எடுத்துக்கொண்டு தேடுவதை அதோடு நிறுத்து. எடுத்தபின் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்காதே.

இன்று இரவே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. செயலிகளில் சேமித்திருக்கும் அட்டை எண்களை அழித்துவிடு. அடுத்த முறை எழுந்து போய் அட்டையை எடுத்து வந்து, பதினாறு இலக்கத்தையும் நீயே தட்ட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா