திங்கட்கிழமையின் இரண்டு துணைக் கேள்விகள்: எங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரவிருக்கும் கூட்டத்தொடரில் செஸ் வரிகள் (ஒரு நோக்கத்தின் பெயரில் தனியே விதிக்கப்படும் வரிகள்) குறித்து நிதியமைச்சகத்திடம் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, அதாவது அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றைத் தாங்கள் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். மக்கள் கட்டும் வரி எந்தப் பெயரில் வாங்கப்படுகிறது என்பது, எவ்வளவு வாங்கப்படுகிறது என்பதற்கு இணையான கேள்வி என்பதை இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மக்களவையில் நிதியமைச்சகத்தின் முறை வருவது திங்கட்கிழமை. காலை 11 மணி முதல் 12 மணி வரையிலான கேள்வி நேரத்துக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலிடப்பட்டாலும், பெரும்பாலான நாட்களில் முதல் சில கேள்விகளுக்குள்ளேயே நேரம் தீர்ந்துவிடுகிறது. 2019 நவம்பர் 27 அன்று 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972க்குப் பிறகு இதுவே முதன்முறை என்று அது செய்தியாயிற்று. ஆகவே கேள்விகளின் வரிசையை முடிவு செய்யும் குலுக்கலில் தங்கள் பெயர் முன்வரிசையில் விழுந்தால், அந்தச் சில நிமிடங்களின் மதிப்பைத் தாங்கள் உணர வேண்டும். அமைச்சர் எழுந்து, “அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்படுகிறது” என்று கூறி அமர்ந்துவிடுவார். அதன் பின் தங்களுக்குக் கிடைக்கும் இரண்டு துணைக் கேள்விகளே அன்றைய நாளின் உயிர். பாராட்டுரையிலும் தொகுதிக் கோரிக்கையிலும் உறுப்பினர்கள் அவற்றைச் செலவழிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கேட்க வேண்டியதைப் பெட்ரோலை வைத்தே விளக்குகிறேன். 2018 வரவுசெலவுத் திட்டத்தில் பெட்ரோல் மீதான அடிப்படை உற்பத்தி வரி லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்டது. 6 ரூபாய் கூடுதல் உற்பத்தி வரி நீக்கப்பட்டது. அதே நாளில் 8 ரூபாய்க்குச் சாலை, உள்கட்டமைப்பு செஸ் புதிதாக விதிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அடிப்படை வரி 2 ரூபாய் 98 காசிலிருந்து 1 ரூபாய் 40 காசாக இறங்க, சிறப்புக் கூடுதல் உற்பத்தி வரியும் 12 ரூபாயிலிருந்து 11 ரூபாயாகக் குறைய, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு புதிதாக வந்து சேர்ந்தது. இரண்டு முறையும் பங்க்கில் வண்டியை நிறுத்தியவருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் செஸ், சர்சார்ஜ் (வரியின் மேல் கூடுதலாக விதிக்கப்படும் வரி) ஆகியவற்றின் வருவாயை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை என்பதால், 2021 பிப்ரவரி மாற்றத்துக்குப் பின் ஒன்றிய அரசு லிட்டருக்கு வசூலித்த 32 ரூபாய் 90 காசில், பகிர்வுக்கு உரியதாக எஞ்சியது 1 ரூபாய் 40 காசு மட்டுமே. ஒன்றிய வரிகளில் மாநிலங்களின் பங்காகப் பதினைந்தாவது நிதிக்குழு வகுத்த 41 விழுக்காட்டின்படி அதில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 57 காசு, அதில் அப்போது 4.079 விழுக்காடு பங்கு பெற்றிருந்த தமிழ்நாட்டுக்கு இரண்டரைக் காசுக்கும் குறைவு. மாநிலங்கள் தமக்கென்று தனியே மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கின்றனவே என்ற மறுமொழி வரக்கூடும். அது உண்மைதான், ஆனால் நிதிக்குழு சொன்ன 41 எப்படிச் சுருங்கியது என்பதற்கு அது விடையாகாது.

செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று சொல்லி வாங்கப்படும் பணம். அது அந்த நோக்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? 2018-19இல் 35 செஸ்களும் பிற தீர்வைகளுமாக வசூலான 2,74,592 கோடி ரூபாயில் 1,64,322 கோடி மட்டுமே உரிய நிதியங்களுக்கு மாற்றப்பட்டதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கூறியது. அந்த அறிக்கை வெளியான 2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமல் கூட்டத்தொடர் நடந்தது. எழுத்து மூலமான பதில்கள் வந்தன. எழுந்து நின்று மேற்கொண்டு கேட்கும் வாய்ப்பு எவருக்கும் இல்லை.

ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்ற தயக்கம் தங்களுக்கு வேண்டாம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் செய்த முதலீட்டை 1957இல் மக்களவையில் விடாமல் துருவிய பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சி உறுப்பினர். அன்றைய பிரதமரின் மருமகன். அந்த முதலீடு குறித்து நீதிபதி சாக்ளா ஆணையம் நடத்திய விசாரணைக்குப் பின், சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது.

எனவே முதல் துணைக் கேள்வி இப்படி இருக்கட்டும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு செஸ்ஸிலும் வசூலானது எவ்வளவு, உரிய நிதியத்துக்கு மாற்றியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு? இரண்டாவது: மொத்த வரி வருவாயில் செஸ், சர்சார்ஜ் ஆகியவற்றின் பங்குக்கு உச்சவரம்பு வைக்க அரசு ஆயத்தமா? “தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்” என்று பதில் வந்தால், அது அரசு அளித்த உறுதிமொழியாகக் கருதப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டியதாகும். அந்தத் தேதியைத் தயவுசெய்து குறித்து வைத்து, இத்தகைய உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று கவனிக்கும் மக்களவையின் உறுதிமொழிக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்விக்கான அறிவிப்பை 15 நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். மேலே சொன்ன பெட்ரோல் கணக்கை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதித் தங்கள் அலுவலகத்தில் இந்த வாரமே சேர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் தொகுதியின் வாக்காளர் ஒருவர்