2024ஆம் ஆண்டுக்கான செயலாளரின் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

நமது ஒழுங்கைச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசிக்க வேண்டும் என்று யாப்பு சொல்கிறது, ஆகவே வாசிக்கிறேன். அறுபது கதிரைகளுக்கு வாடகை கொடுத்திருக்கிறோம். எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதை அவரவர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக் தன்சல், நவராத்திரி, ஒளிவிழா வழமைபோல் நடந்தன. டெங்குச் சிரமதானம் இருமுறை. நிர்வாகக் குழு பன்னிரண்டு முறை கூடியிருக்க வேண்டும், ஏழு முறை கூடியது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று இரண்டு கூட்டங்களைப் பிற்போட்டோம். மற்ற மூன்றுக்குத் தேர்தலைக் காரணம் காட்ட முடியாது.

இனி, சங்கத்தின் வேலைகளை மதிப்பிட நடத்திய பயிற்சியைப் பற்றி, “சார்ட் பேப்பரில் கொட்டை வைத்து விளையாடவா சங்கத்துக் காசு?” என்று சந்திக் கடையில் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்டவர் என்னிடமே கேட்டிருக்கலாம். என் வீடு கடைக்கு எதிரேதான்.

நமது ஒழுங்கையில் வேலைத்திட்டங்களுக்குக் குறைவில்லை. வடிகானுக்கு மூடி, மாலை வகுப்பு, தண்ணீர்க் குழாயடிக்கு விளக்கு, கொம்போஸ்ட் பீப்பாய். ஒவ்வொன்றும் முடிந்ததும் படம் எடுப்போம், ஆண்டறிக்கையில் ‘வெற்றிகரமாக நிறைவேறியது’ என்று எழுதுவோம். யாருக்கு வெற்றி என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே பெண்கள் சேமிப்புக் குழு, இளைஞர் கழகம், மரண உதவிச் சங்கம் மூன்றையும் ஓரிடத்தில் இருத்தி, செய்த வேலையைச் சேர்ந்து மதிப்பிடப் பழக்க வேண்டும் என்று பிரேரித்தேன். ஓய்வுபெற்ற சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் பயிற்சி தர இணங்கினார். ஒன்றும் புதுமை இல்லை. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டக் காலத்தில் கொழும்புத் தோட்டங்களில் மக்களே உட்கார்ந்து திட்டம் போட்டதை நமது மூத்த அங்கத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். போட்ட திட்டம் என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

முதல் அமர்வு ஜூன் 2, ஞாயிறு. அன்று பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒன்பது பேர் நனைந்துகொண்டு வந்தார்கள். அடுத்த அமர்வை அந்தோனியார் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று வைத்தது என் பிழை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத பிழை. மூன்றாவது அமர்விலிருந்து இருபதுக்குக் குறையவில்லை.

ஆண்களும் பெண்களும் தனித்தனியே ஒழுங்கையின் வரைபடம் கீறினார்கள். சிங்களச் சகோதரர்களும் இருந்ததால் எழுத்தில்லை, படம் மட்டும். ஆண்கள் த்ரீவீல் தரிப்பிடத்தைப் பெரிதாகக் கீறினார்கள். பெண்கள் குழாயடிக்குப் போகும் இருட்டான பகுதியைக் கறுப்பால் அடித்துவிட்டிருந்தார்கள். ஆண்களின் படத்தில் அந்த வழியே இல்லை.

வடிகானைச் சொல்ல வேண்டும். வேலைக்கான செலவு மதிப்பீட்டில் எத்தனை மூடிப் பலகை இருந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். பதில் வந்தது: 36. இளைஞர்கள் எண்ணினார்கள், 36தான். வழமையான அறிக்கை என்றால் இத்துடன் முடிந்திருக்கும். சேமிப்புக் குழுப் பெண்கள் வேறு கேள்வியுடன் வீடு வீடாகப் போனார்கள்: “மழை இரவில் கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கிறீர்களா?” மேல் பக்கத்தில் பதினொரு வீடுகளில் செங்கல் இப்போது முற்றத்துக்குப் போய்விட்டது. கீழ்ப் பக்கத்து எட்டு வீடுகளில் முன்பு ஒரு கல், இப்போது இரண்டு. காரணம், பலகைகளில் தூக்குவதற்குக் கொக்கி இல்லை. நாலு பேர் அலவாங்கு போட்டால்தான் அசையும் என்பதால் கானை யாரும் துப்புரவு செய்வதில்லை, மண் அடைந்துவிட்டது. மூடி போடுமுன் நிலை எப்படி என்பதற்கு நம்மிடம் ஒரு படமும் இல்லை. கடைசியில் ஒரு வீட்டுச் சாமத்திய வீட்டு ஆல்பத்தில் கிடைத்தது. பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கியபடி மூன்று மாமிமார் தண்ணீருக்குள் நிற்கிறார்கள். அதுவே எமது ஆதாரம். ஐந்தாவது பலகைதோறும் எடுத்துவிட்டு இரும்புக் கம்பித் தட்டுப் போடும்படி அந்தப் படத்தின் பிரதியுடன் கடிதம் கொடுத்திருக்கிறோம். மாநகர சபைக்கு 2023 மார்ச்சிலிருந்து 2024 முடியும்வரை தெரிவான உறுப்பினர்கள் இருக்கவில்லை. ஆகவே கடிதத்தின் பின்னால் நாமேதான் நடக்கிறோம்.

இன்னொரு மதிப்பீட்டு முறையையும் பழகினோம். தொண்ணூறுகளில் பங்களாதேஷில் ரிக் டேவிஸ் என்பவர் தொடங்கியது. எண்களுக்குப் பதிலாக, நடந்த மாற்றத்தை ஆளுக்கொரு கதையாகச் சொல்ல வேண்டும். குழு கூடி எது முக்கியம் என்று தெரிந்தெடுத்து, ஏன் என்றும் சொல்ல வேண்டும். கதைகளைவிட அந்த ‘ஏன்’ பற்றிய சண்டையில்தான் விடயம் வெளியே வந்தது. மாலை வகுப்பால் மகனின் புள்ளி கூடியதை ஒரு தாய் சொன்னார். குழு தெரிந்தெடுத்ததோ, அதே வகுப்பில் இரவு ஏழு மணிவரை பிள்ளை இருப்பதால் தான் தையல் வேலைக்குப் போக முடிகிறது என்று இன்னொருவர் சொன்னதை.

எனது பீப்பாய்களையும் மறைக்கவில்லை. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, சார்ட் பேப்பரில் கீறிய நான்கு வேலைகளின் படங்களில் பயன்பட்டதற்கு வைக்கச் சொன்னோம். பீப்பாய்ப் படத்தில் ஏழு கொட்டை விழுந்தது. அதில் மூன்று நான் வைத்தது. ஒரு அம்மா, “புழு வருது தம்பி. நான் அதைக் கழுவி அரிசி போட்டு வச்சிருக்கேன். நல்ல மூடி” என்றார். கொடுத்த 24இல் குப்பை போடப்படுவது ஒன்பதில். ‘முழு வெற்றி’ என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதியவனும் நானே. பயிற்சி வீண் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 13, ஞாயிறன்று முடிவுகள் வாசிக்கப்பட்டன. மீண்டும் மழை, மீண்டும் கீழ்ப் பக்கத்தில் செங்கல். வடிகான் உப குழுவின் ஐவருக்கும் கையில் அழைப்புக் கொடுத்தேன். ஒருவரும் வரவில்லை. தமது வேலைக்குப் புள்ளி போடுகிறார்கள் என்று கோபம் என்று பின்னர் அறிந்தேன். எனக்குப் போட்ட புள்ளியைப் பார்க்கவாவது வந்திருக்கலாம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சரி. பயிற்சிக்கான 18,450 ரூபாவை வெள்ள நிவாரண ஒதுக்கிலிருந்து எடுத்தேன். குழு கூடாததால் மூவரிடம் தொலைபேசியில் சம்மதம் பெற்றேன். சிட்டைகள் கோப்பில் உள்ளன. பணிஸ், தேநீர்ச் செலவு கூட என்பவர்கள் ஜூன் 2 அன்று வந்த ஒன்பது பேரைக் கேட்கலாம்.

மாதச் சந்தா நூறு ரூபா. 86 குடும்பங்களில் டிசெம்பர் வரை கட்டியவை 31. நிலுவைப் பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார்கள். போடவில்லை. அது என் கையிலேயே இருக்கிறது.

மண்டபம் தந்த பாடசாலை அதிபர், பயிற்சியாளர், பாய் விரித்துத் தந்த இளைஞர்கள், தேநீர் ஊற்றிய சகோதரிகள், ஒலிபெருக்கி தந்தவர், பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் குழாயடி விளக்கையும் மாலை வகுப்பையும் மதிப்பிட வேண்டும். இம்முறை தொடங்குமுன்பே படம் எடுப்போம். செயலாளர் பதவிக்கு வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். ஒருவரும் வராவிட்டால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் இதை முப்பத்தொரு குடும்பத்தின் காசில் செய்ய முடியாது. பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் உதவிப் பொருளாளர் வாசலில் இருக்கிறார். மண்டபத்துக்கு வேறு வாசல் இல்லை.

செயலாளர்
கொழும்பு 13
26.01.2025